தப்புப் பதிலுக்கு ஓர் ஆள்

"டவுட் இருக்கா?" என்று கேட்டதும் "இல்ல மேம்" என்று ஒரே குரலில் பதில் சொல்லும் வகுப்பைக் கண்டால் எனக்குக் குமட்டும். கோபம் என்றோ வருத்தம் என்றோ அதற்குப் பெயர் வைக்க முடியாது. பஸ் ஸ்டாண்டு கழிப்பறையைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறோமே, அப்படி அந்த "இல்ல மேம்" வந்து விழும்போது காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். ஒன்றுமே புரியாத முகங்கள், ஒரு சந்தேகமும் இல்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். மணி எப்போது அடிக்கும் என்பதில் மட்டும் அவர்களுக்கு ஆர்வம் உண்டு.

விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற ரோட்டில், ஊருக்கு வெளியே உள்ள ஒரு தனியார் கல்லூரியில் நான் புள்ளியியல் நடத்துகிறேன். வீடு விருதுநகரில். காலையில் பஸ் ஏறினால் முன்னும் பின்னும் பட்டாசு கம்பெனி வேன்கள்தான் போகும். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த வேன்களில் போகிறவர்களின் வீட்டிலிருந்தும், மீதிப் பேர் அந்த வேன்களை அனுப்புகிறவர்களின் வீட்டிலிருந்தும் வருகிறார்கள். வகுப்பில் இரண்டு தரப்பும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே கைடைத்தான் மனப்பாடம் செய்கிறது.

கைடு என்று ஒரு சனியன் உண்டு. காலண்டரும் டைரியும் அடித்து ஓய்ந்த மாதங்களில் சிவகாசி பிரஸ்களில் கைடு ஓடும். எங்கள் பாடத்துக்கான கைடில் ஒரு நிரூபணத்தின் நடுவில் இருக்க வேண்டிய சில வரிகள் எப்படியோ கடைசிக்குப் போய்விட்டன. பக்கம் கோத்தவருக்குக் கை தவறியிருக்கும், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அதிலிருந்து எங்கள் பிள்ளைகள் "எனவே நிரூபிக்கப்பட்டது" என்று அடிக்கோடு போட்டு எழுதிய பிறகுதான் நிரூபிக்கவே தொடங்கினார்கள். முழு மதிப்பெண்ணும் வாங்கினார்கள், ஏனென்றால் திருத்துகிறவர் கையிலும் அதே கைடு. முதல் விடைத்தாளைப் பார்த்தபோது சிரித்துவிட்டேன். கட்டு முழுவதும் அதே வரிகள் அதே வரிசையில் வந்தபோது பேனாவை மூடிவைத்துவிட்டுப் போய் முகம் கழுவினேன்.

அதற்கப்புறம்தான் கேள்வி கேட்டே பாடம் நடத்துவது என்று முடிவெடுத்தேன். புதிதாக நான் கண்டுபிடித்தது அல்ல அது. கேள்வி கேட்டே ஊர்ப் பகையைச் சம்பாதித்துக்கொண்டு, கடைசியில் விஷம் குடித்துச் செத்துப்போன கிரேக்கக் கிழவரின் வழி. நான் எதையும் சொல்ல மாட்டேன், கேட்பேன். அவர்கள் சொல்வதைப் பிடித்துக்கொண்டு அடுத்ததைக் கேட்பேன். தப்பாகச் சொன்னால் திருத்த மாட்டேன். அந்தத் தப்பு எந்தச் சுவரில் போய் முட்டுகிறது என்று அவர்கள் கண்ணாலேயே பார்க்கிறவரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பேன். போர்டில் ஏறுவது அவர்கள் வாயிலிருந்து வந்தது மட்டும்.

முதல் சில வாரங்கள் மயான அமைதி. கேள்வி கேட்டால் கண்ணைத் தாழ்த்திக்கொள்வார்கள், ஏதோ நான் தகாத வார்த்தை பேசிவிட்டதைப் போல. அப்புறம் ஒரு நாள் ஒரு பையனின் அப்பா, விருதுநகரில் மிளகாய், பருப்பு மண்டி வைத்திருப்பவர், வெள்ளை வேட்டியில் வந்து பிரின்சிபாலிடம் புகார் சொன்னார். "ஏங்க, அந்த டீச்சரம்மாவுக்குப் பாடமே தெரியலையாம்ல. எல்லாத்தையும் பிள்ளைகள்ட்டயே கேக்காகளாம். தெரியலன்னா வீட்டுல பாத்துட்டு வரச் சொல்லுங்க." இதை எனக்கு வந்து சொன்னவர் எங்கள் துறைத்தலைவர். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

துறைத்தலைவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருக்கக்கூடக் கொஞ்சம் முயற்சி வேண்டும். வகுப்புக்குப் போவார், கைடைப் பிரிப்பார், வாசிப்பார், மூடுவார். நிரூபணம் முடிந்த பிறகு அதன் நடுப்பகுதியை வாசிக்கும்போதும் அவர் குரலில் ஒரு தடுமாற்றம் இருக்காது.

சாம்பிளிங் பாடம் தொடங்க வேண்டிய அன்று நான் கையில் சாக்பீஸ்கூட எடுக்காமல் கேட்டேன். "ஒரு பெட்டி நிறைய வெடி இருக்கு. எல்லாம் வெடிக்குமான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் வாயைத் திறந்தான். சொந்தமாகப் பட்டாசு கம்பெனி வைத்திருக்கிற வீட்டுப் பையன். சோம்பேறி, ஆனால் மனதில் விகல்பம் கிடையாது.

"வெடிச்சுப் பாக்கணும் மேம்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும் வெடிச்சுட்டா அப்புறம் லோடு ஏத்த என்ன மேம் இருக்கும்?"

வகுப்பு சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டேன். "அப்ப எதை எடுத்து வெடிப்பே?"

"மேல இருக்குறத."

"ஏன்லே மேல?"

"கைக்கு எட்டுறது அதான மேம். அதுவும் போக, சீசனுக்கு முன்னால வெளியூர்ப் பார்ட்டி ஆர்டர் குடுக்க வந்தாகன்னா, மேலடுக்குல நல்ல சரக்கா வச்சிருவோம். வர்றவகளுக்கு நல்லதக் காட்டணும்ல?"

விருந்தாளிக்குப் புதுப் பாயை விரித்துப் போடுவதைச் சொல்வதைப் போலத்தான் அவன் அதைச் சொன்னான். ஒருவரும் திடுக்கிடவில்லை. மண்டிக்காரர் மகன் மட்டும், "அதுக்குத்தான் மேம் பருப்பு மூட்டைல குத்தூசிய விட்டு நடுவுலருந்து எடுத்துப் பாப்பாக" என்றான். பாடம் தெரியாத டீச்சரம்மாவின் வகுப்பில் அவன் முதன்முதலாகப் பேசியது அன்றுதான்.

அப்போதுதான் மூன்றாவது பெஞ்சிலிருந்து அந்தப் பெண் எழுந்தாள். திருத்தங்கல்காரி. அவள் அப்பா பட்டாசு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறார். அதற்கு முன்பு நான் எது கேட்டாலும் அவள் "தெரியல மேம்" என்றுதான் சொல்லியிருக்கிறாள். ஆனால் மற்றவர்களைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு சொல்ல மாட்டாள். தெரியாது என்பதை நேருக்கு நேர் பார்த்துச் சொல்வாள். எனக்கு அது பிடித்திருந்தது.

"மேம், நிறைய எடுத்தாச் சரியாயிராதா? மேலருந்தே எடுத்தாலும், சாம்பிள் பெருசா இருந்தாப் போதும்ல?"

தப்பு. அழகான தப்பு. உலகத்தில் பெரிய பெரிய ஆட்கள் செய்துவிட்டு மாட்டிக்கொண்ட தப்பு. "மேலடுக்குல ஒரு கை எடுத்தா என்ன தெரியும்?" என்று கேட்டேன்.

"மேலடுக்கு நல்லா இருக்குன்னு."

"மேலடுக்கு முழுசும் எடுத்தா?"

"மேலடுக்கு நல்லா இருக்குன்னு..." நிறுத்தினாள். கையால் பெஞ்சைத் தட்டிக்கொண்டே நின்றாள். வகுப்பு முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. "மேம், அப்ப எம்புட்டுக்கு எம்புட்டு எடுக்கமோ, அம்புட்டுக்கு அம்புட்டு உறுதியா ஏமாந்து போவோம்."

சாம்பிள் பெருகப் பெருகச் சிதறல் குறையும், ஆனால் எடுத்த விதத்தில் இருக்கிற கோணல் அப்படியே நிற்கும் என்று புத்தகங்கள் பாதிப் பக்கத்துக்குக் குறியீடு போட்டுச் சொல்லும் விஷயம் அது. அவள் சொன்னதை அப்படியே போர்டில் எழுதினேன், திருத்தங்கல் பேச்சு மாறாமல். அதற்குக் கீழே சூத்திரத்தை அவர்களைக் கொண்டே எழுத வைத்தேன். அந்த மணி நேரம் முடிவதற்குள், பெட்டியில் உள்ள ஒவ்வொரு வெடிக்கும் கையில் அகப்படச் சம வாய்ப்பு இருக்க வேண்டும் என்கிற இடத்துக்கு அவளே வந்து சேர்ந்துவிட்டாள். அன்று யாரும் "டவுட் இல்ல மேம்" என்று சொல்லவில்லை.

அதற்கப்புறம் அவளை அடக்க முடியவில்லை. வராந்தாவில், பஸ் ஸ்டாப்பில், சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாம் கேட்பாள். "போதுமான புள்ளிவிவரம்னு சொல்றாகளே, எதுக்குப் போதும் மேம்?" என்று அவள் கேட்டதற்குப் பதில் தேட எனக்கே இரண்டு நாள் ஆனது. கடைசி வருடத்தில், பட்டணத்தில் உள்ள ஒரு பெரிய கல்வி நிறுவனத்தில் எம்.எஸ்ஸி. சேர நுழைவுத் தேர்வு எழுதினாள். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். நேர்காணல் மட்டும் பாக்கி. அங்கே இடம் கிடைத்தால் உதவித்தொகையோடு படிக்கலாம். கிடைக்காவிட்டால் மேற்கொண்டு படிக்கவைக்க வீட்டில் வழியில்லை. அவளுக்குக் கீழே இரண்டு பேர் படிக்கிறார்கள். "இல்லைன்னா திருத்தங்கல்லயே ஏதாச்சும் பிரஸ்ல கணக்கெழுதப் போயிரச் சொல்லிருக்காக மேம்" என்றாள். அழவோ புலம்பவோ இல்லை, பஸ் நேரத்தைச் சொல்வதைப் போலச் சொன்னாள்.

இந்த நேரத்தில்தான் கல்லூரிகளுக்குத் தரம் போடுகிற கமிட்டி எங்கள் கல்லூரிக்கு வருவதாகச் செய்தி வந்தது. கமிட்டி வருகிறது என்றால் எங்கள் பக்கத்துக் கோயில் கொடைத் திருவிழா மாதிரி. சுவருக்கு வெள்ளை, கழிப்பறைக்குப் பூட்டு, தோட்டத்துக்குத் தொட்டியோடு வாடகைச் செடி. கமிட்டித் தலைவர் யாரென்று விசாரித்துக்கொண்டு துறைத்தலைவர் ஓடிவந்தார். அந்தப் பட்டணத்து நிறுவனத்தின் புள்ளியியல் துறைக்குத் தலைவராம். எங்கள் பெண்ணை அடுத்த மாதம் நேர்காணலில் உட்கார வைத்துக் கேட்கப்போகிற அதே மனிதர்.

"மேடம், மாணவர்களைப் பேசவச்சு நடத்துறதத்தான் இப்ப கமிட்டில எதிர்பாக்காக. உங்க கேள்வி கேக்குற மெத்தட காட்டிருவோம்" என்றார் துறைத்தலைவர். அதுவரை என் முறையை அவர் 'தொணதொணப்பு' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று பாசம் பொங்கியதும் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். என் வகுப்பில் பின்னால் வந்து உட்கார்ந்து போனில் பதிவு செய்துகொண்டார். கூடவே அந்த வெடிப் பெட்டி வகுப்பைப் பற்றியும் பிள்ளைகளிடம் துருவித் துருவிக் கேட்டு எழுதிக்கொண்டார். பரவாயில்லையே, மனிதர் மாறுகிறாரே என்றுகூட நினைத்தேன்.

சில நாளில் கட்டுக் கட்டாகப் புத்தகம் வந்து இறங்கியது. வழுவழு அட்டை, வண்ணப் படம், 'வினா வழிக் கற்றல்' என்று தங்க எழுத்து. எங்கள் ஊரில் இரண்டு முறை ஒரு விஷயத்தைச் சொன்னால் மூன்றாவது முறை அது அச்சில் வந்துவிடும். பிரித்துப் பார்த்தேன். என் கேள்விகள், பிள்ளைகளின் பதில்கள், எல்லாம் நாடக வசனமாக. 'மாணவி (தயங்கி)', 'மாணவன் (உற்சாகத்துடன்)', 'ஆசிரியை (புன்னகையுடன்)'. நான் வகுப்பில் புன்னகைத்ததே கிடையாது. எனக்கு இல்லாத புன்னகையைக்கூட அச்சடித்து வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில் இன்ன பிள்ளை சொல்ல வேண்டும் என்று வரிசை எண் வேறு. பட்டாசு கம்பெனிப் பையன் சொன்ன மேலடுக்கு விஷயத்தைத் துறைத்தலைவர் சத்தமில்லாமல் எடுத்துவிட்டிருந்தார். அவன் அப்பா கல்லூரிக்குக் கட்டடம் கட்டிக் கொடுத்தவர்களில் ஒருவர்.

எடுக்காமல் விட்டது ஒன்றே ஒன்று. திருத்தங்கல் பெண் முதலில் சொன்ன அந்தத் தப்புப் பதில். 'சாம்பிள் பெரியதாக இருந்தால் போதும், எங்கிருந்து எடுத்தாலும் ஒன்றுதான்.' அதை அவள் எண்ணுக்கு நேராகவே போட்டிருந்தார். அவள் அதே வகுப்பில் கண்டுபிடித்துச் சொன்ன பதில் இருக்கிறதே, எவ்வளவுக்கு எவ்வளவு எடுக்கிறோமோ அவ்வளவுக்கு ஏமாறுவோம் என்பது, அதை இலக்கணத் தமிழுக்கு மாற்றிப் பட்டாசு கம்பெனிப் பையன் வாயில் வைத்திருந்தார். அவளுக்கு இன்னும் ஒரு வசனம் மிச்சம் இருந்தது. 'மாணவி (மகிழ்ச்சியுடன்): இப்போது புரிந்தது.'

புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேராக அவர் அறைக்குப் போனேன்.

"இதை வேற யாருக்காவது மாத்துங்க சார். வர்றவர்தான் அவளை அடுத்த மாசம் இன்டர்வியூ பண்ணப்போறவர்."

"யாராச்சும் ஒருத்தர் தப்பாச் சொல்லணும்ல மேடம்? அப்பத்தான் நீங்க கேள்வி கேட்டுத் திருத்துறது எடுபடும்."

"அந்தப் பையன் சொல்லட்டும். அவனுக்கு ஒண்ணும் ஆகாது."

"அவுக அப்பா முன் வரிசையில உக்காந்திருப்பாக. அவுக முன்னால அவுக பிள்ளையத் தப்பாப் பேச வைக்கச் சொல்றீகளா?" அவருக்கு உண்மையாகவே அதிர்ச்சி.

"அப்ப மண்டிக்காரர் மகன்?"

"ஏற்கெனவே புகார் குடுத்தவக மேடம் அவுக."

ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஓர் அப்பாவோ சித்தப்பாவோ நின்றார். வேன் ஓட்டுகிற அப்பாவை, கமிட்டிக்கு வகுப்பைக் காட்டப்போகிற அரங்கத்துக்கு யாரும் கூப்பிடவில்லை. கேள்வி கேட்கிற வகுப்பில் தப்பாகச் சொல்வது ஒரு வேலை, எல்லாரும் மாறி மாறிச் செய்வார்கள், ஒருவருக்கும் கூச்சம் இருக்காது. அதையும் ஆள் பார்த்து, வீடு பார்த்துப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அந்த அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தும் எனக்கு ஏதோ அழுகின வாடை அடித்தது.

பட்டாசு கம்பெனிப் பையன் தானாகவே வந்து, "நான் சொல்லிருறேன் மேம், எனக்கென்ன" என்றான். துறைத்தலைவர் விடவில்லை. கடைசியில் அவளே சொன்னாள். "பரவால்ல மேம், நானே சொல்லிக்கிறேன். ஒரு வரிதான?" அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கமிட்டி வந்த அன்று வாசலில் சந்தனம், பன்னீர், கல்கண்டு. அரியர் வைத்திருக்கிற பிள்ளைகள் யாரும் வர வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவிட்டார்கள். காலியான இடங்களில் காமர்ஸ் துறையிலிருந்து பார்க்க நன்றாக இருக்கிற பிள்ளைகளைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். ஒரு பெண் என்னிடம், "மேம், நான் சும்மா உக்காந்தாப் போதும்ல?" என்று கேட்டாள். கமிட்டி உறுப்பினர்களுக்குப் பொன்னாடையோடு ஆளுக்கு ஒரு புத்தகம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் கேட்கக் கேட்க, பிள்ளைகள் சொல்லச் சொல்ல, அவர்கள் விரலை வைத்து வரி வரியாகத் தொடர்ந்து வந்தார்கள். பக்கம் முடிந்ததும் முன் வரிசையும் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் தாளைப் புரட்டினார்கள். இன்னும் கேட்கப்படாத கேள்விக்கு ஒரு உறுப்பினர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அவள் முறை வந்தது. எழுந்து, கணீரென்று, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள். "சாம்பிள் பெரியதாக இருந்தால் போதும், எங்கிருந்து எடுத்தாலும் ஒன்றுதான்."

கமிட்டித் தலைவர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி அவள் முகத்தை நன்றாகப் பார்த்தார். பாவம் என்பதைப் போல ஒரு சிரிப்பு. பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். என் வசனம் கையில் இருந்தது. 'ஆசிரியை (புன்னகையுடன்): அப்படியா? நன்கு யோசித்துச் சொல்.' என் வாய் அதைச் சொல்ல மறுத்துவிட்டது.

"ஏன் அப்படிச் சொல்றே?" என்று கேட்டேன்.

அது புத்தகத்தில் இல்லை. முன் வரிசையில் பக்கம் புரட்டும் சத்தம், முன்னும் பின்னுமாக. அவள் என்னைப் பார்த்தாள். பெஞ்சை விரலால் தட்டினாள்.

"நான் அப்படி நினைக்கல மேம். ஒரு வகுப்புல நினைச்சேன். அந்த வகுப்பு முடியுறதுக்குள்ளயே மாத்திக்கிட்டேன்." பிறகு கமிட்டித் தலைவர் பக்கம் திரும்பினாள். "சார், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா, தாராளமாக் கேளு."

"எங்க வகுப்புல அரியர் வச்சிருக்கவக யாரும் இன்னைக்கு வரல சார். வர வேண்டாம்னுட்டாக. இங்கன உக்காந்திருக்கவகள்ல நிறையப் பேர் எங்க டிபார்ட்மென்ட்டே இல்ல. எங்களப் பாத்து இந்தக் காலேஜ் எப்படின்னு நீங்க எப்படி சார் முடிவு பண்ணுவீக?"

அவளிடம் எதிர்த்துப் பேசுகிற தொனி துளியும் இல்லை. ஒரு புள்ளியியல்காரரிடம் புள்ளியியல் சந்தேகம் கேட்டாள், அவ்வளவுதான். பதில் கிடைக்கும் என்று நம்பித்தான் கேட்டாள். அந்த மனிதர் சாம்பிளிங்கிலேயே காலம் தள்ளியவர். அவருக்குப் புரிந்தது. புரிந்தது என்பதை அவர் கண்ணில் நான் பார்த்தேன். புத்தகத்தை மெதுவாக மூடினார்.

"வெரி குட். வெரி இன்டராக்டிவ் கிளாஸ்" என்று கை தட்டினார்.

எல்லாரும் தட்டினார்கள். பிறகு சமோசா சாப்பிடப் போனார்கள். நான் காலி அரங்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மனிதர்கள் மேல் எனக்கு அவ்வளவு அருவருப்பு அதற்கு முன்பு வந்ததில்லை. கைடை வாசிக்கிறவரையாவது தெரியாதவர் என்று விட்டுவிடலாம். தெரிந்துகொண்டே கை தட்டுகிறவரை என்ன செய்வது?

கல்லூரிக்கு நல்ல தரம் கிடைத்தது. அதனால் அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. "நல்லவேளை மேடம், அவரு அதையும் நம்ம டிராமான்னே நெனச்சுட்டாரு" என்று துறைத்தலைவர் எனக்கு லட்டு கொடுத்தார். நான் அதை வாங்கி மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். எறும்பு மொய்த்திருக்கும்.

அவள் மறுநாள் வந்து, "தப்பாக் கேட்டுட்டேனா மேம்?" என்றாள்.

"கேள்வியில என்ன தப்பு இருந்துச்சு, சொல்லு?"

யோசித்தாள். "கேள்வி சரிதான் மேம்."

"அப்புறம் என்ன? போ, போய் இன்டர்வியூவுக்குப் படி."

நேர்காணல் வரைக்கும் தினமும் மாலையில் அவளை உட்கார வைத்துக் கேட்டேன். இப்படியும் அப்படியும் மடக்கி, அவள் சொன்னதையே அவளுக்கு எதிராகத் திருப்பி, ஆசிரியர் அறையைக் கூட்டுகிற அக்கா விளக்குமாற்றோடு வந்து நிற்கிறவரைக்கும் கேட்டேன். தெரியாததைத் தெரியாது என்று சொன்னாள். தெரிந்ததில் அவளை அசைக்க முடியவில்லை. நேர்காணல் அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் போதும், அவள் வாயைத் திறந்துவிட்டால் போதும், இடம் இவளுக்குத்தான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

போய்விட்டு அவள் ரயிலில் வந்து இறங்கும்போது நான் விருதுநகர் ஜங்ஷனில் காத்திருந்தேன். அவள் அப்பா வேனை வெளியே நிறுத்திவிட்டு வெயிலில் நின்றுகொண்டிருந்தார். அவள் என்னைப் பார்த்ததும் சிரித்தாள். பையைக் கீழே வைத்தாள்.

"என்ன கேட்டாங்க?" என்றேன்.

"அந்த சார்தான் மேம் நடுவுல உக்காந்திருந்தாக. என்னப் பாத்ததும், 'ஓ, நீங்களா'ன்னாக. உக்காரச் சொன்னாக. ஃபைலப் பாத்தாக. பக்கத்துல இருந்தவகள்ட்ட என்னமோ சொன்னாக, அவுகளும் சிரிச்சாக. அப்புறம் 'தேங்க் யூ, நீங்க போகலாம்'னுட்டாக."

"அது சரி, கேள்வி என்ன கேட்டாங்க?"

"ஒண்ணும் கேக்கல மேம்."

எனக்கு விளங்கவில்லை. "ஒண்ணுமே கேக்கலைன்னா?"

"ஒண்ணுமே கேக்கல." பையின் வாரைத் திருகிக்கொண்டே நின்றாள். "எனக்கு முன்னால போன பிள்ளைட்ட ரொம்ப நேரம் கேட்டாக மேம். கதவு சரியாச் சாத்தல, வெளிய எனக்குக் கேட்டுச்சு. எல்லாத்துக்கும் எனக்குப் பதில் தெரியும்."